பால்வினைத் தொற்று: சந்தேகம் வந்த நாள் முதல் சிகிச்சை முடியும் வரை

சிறுநீர் போகும்போது எரிந்தால் நம் வீடுகளில் முதலில் சொல்வது 'சூடு' என்றுதான். இளநீர், பார்லித் தண்ணீர், ஊறவைத்த வெந்தயம், எண்ணெய்க் குளியல் என்று ஒரு வாரம் ஓடிவிடும். எரிச்சல் அடங்கினால் சூடு இறங்கியது என்று நிம்மதி. தண்ணீர் சரியாகக் குடிக்காததால் வந்த நீர்க்கடுப்பு என்றால் அதோடு சரி. உடலுறவால் பரவும் கொனோரியாவோ கிளமிடியாவோ என்றால் கதை வேறு. அறிகுறி அடங்கிய பிறகும் கிருமி உள்ளேயே இருக்கும், துணைவருக்குப் போகும், ஒரு பெண்ணின் கருக்குழாயை ஓசைப்படாமல் அடைத்துவிட்டு, சில வருடம் கழித்துக் 'குழந்தை இல்லை' என்று மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்.

கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ், டிரைக்கோமோனாஸ் ஆகிய நான்கும் முற்றிலும் குணமாகக்கூடியவை. 2020-ஆம் ஆண்டில் மட்டும் இந்த நான்கும் உலகம் முழுக்க 37.4 கோடிப் புதிய தொற்றுகளை உண்டாக்கியதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அதாவது ஒரு நாளைக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். இத்தனை பேருக்கு வரும் ஒன்றை 'அந்த மாதிரி நோய்' என்று ஒதுக்கி வைப்பதால்தான் ஓர் ஊசியில் தீர வேண்டியது வருடக்கணக்கில் இழுக்கிறது. எந்த நாளில் எதைச் செய்ய வேண்டும் என்பதே இதில் முக்கியம் என்பதால், நோய்களை வரிசைப்படுத்தாமல் நாட்களின் வரிசையில் எழுதுகிறேன்.

முதல் 72 மணி நேரம்

ஆணுறை கிழிந்துவிட்டது. அல்லது அணியவே இல்லை, எதிரில் இருந்தவரின் உடல்நிலை தெரியாது. அல்லது நீங்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறீர்கள். 'என்ன ஆகிறதென்று பார்ப்போம்' என்று காத்திருக்கக் கூடாத நேரம் இது. எச்.ஐ.வி. உடலில் நிலைகொள்ளாமல் தடுக்கும் மாத்திரை இருக்கிறது. மருத்துவர்கள் 'பெப்' என்பார்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் பலன் இன்னும் அதிகம். 28 நாள் ஒருவேளைகூட விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள, எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள். இரவு, ஞாயிறு என்றால் விடியும்வரை காத்திருக்காமல் கேஷுவாலிட்டிக்குப் போங்கள். அங்கே சுற்றி வளைக்காமல், "எச்.ஐ.வி. வராமல் தடுக்கிற பெப் மாத்திரை வேண்டும், சம்பவம் நடந்து இத்தனை மணி நேரம் ஆகிறது" என்று சொல்லுங்கள். தனியார் மருத்துவரும் எழுதித் தரலாம்.

டெட்டால் ஊற்றிக் கழுவுவது, பெண்ணுறுப்புக்குள் எலுமிச்சைச் சாறோ உப்புத் தண்ணீரோ செலுத்துவது இரண்டும் வேண்டாம். உள்தோல் புண்ணாகித் தொற்றுக்கு வழிதான் அகலமாகும். வெறும் தண்ணீரால் வெளிப்புறத்தைக் கழுவினால் போதும்.

வன்முறைக்கு ஆளானவர், முடிந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் மருத்துவமனைக்குப் போவது தடயங்களுக்கு நல்லது. குளித்துவிட்டாலும் போகலாம், போக வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் இலவசமாக உடனடிச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தோடு, மற்ற தொற்றுகளுக்கான மருந்தும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான தடுப்பூசியும், அவசரக் கருத்தடை மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதற்குப் பயந்து பிள்ளையைச் சிகிச்சையில்லாமல் வீட்டில் வைத்திருக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

முதல் வாரங்கள்: உடல் காட்டும் அடையாளங்கள்

ஆண்களுக்குக் கொனோரியா என்றால் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாளில் தெரிந்துவிடும். சிறுநீர் போகும்போது கடும் எரிச்சல், உள்ளாடையில் மஞ்சள் கலந்த சீழ். ஊரில் 'வெட்டை' என்பது பெரும்பாலும் இதைத்தான். கிளமிடியா ஒன்று முதல் மூன்று வாரத்தில், நீர் போன்ற லேசான கசிவோடு வரும், பலருக்கு ஒன்றுமே தெரியாது. பெண்களின் நிலைமை இன்னும் மோசம். கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. அடிவயிற்றில் மந்தமான வலி, உறவின்போது வலி, மாதவிலக்குக்கு இடையில் ரத்தம் படுவது என்று ஏதாவது இருந்தாலும், அதைக் கர்ப்பப்பைச் சூடு, அலைச்சல், எடை தூக்கியது என்று வேறெதன்மேலாவது போட்டுவிடுவோம்.

வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினை நோய் இல்லை. இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவில் சில நாட்கள் முட்டை வெள்ளைக்கரு போல வழவழப்பாக வருவது இயல்பு. தயிர்க்கட்டி போலத் திரிதிரியாக, தாங்க முடியாத அரிப்போடு வருவது பூஞ்சைத் தொற்று. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், வேறு எதற்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கும் இது தானாகவே வரும். மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் வருவது பெண்ணுறுப்பில் இயல்பாக இருக்கும் நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டதால் வருவது. இவை இரண்டையும் வைத்துக் கணவனோ மனைவியோ ஒருவர் நடத்தையை ஒருவர் சந்தேகிக்க ஒரு முகாந்திரமும் இல்லை. நுரைத்த, பச்சை கலந்த மஞ்சள் திரவம், துர்நாற்றம், எரிச்சல் என்றால் டிரைக்கோமோனாஸாக இருக்கலாம். இதற்கு இருவருக்குமே மருந்து வேண்டும்.

புண் வந்தால் வலிக்கிறதா என்று கவனியுங்கள். சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்து, உடைந்து, நெருப்பாக எரிந்தால் ஹெர்பிஸ். வலியே இல்லாமல், விளிம்பு கெட்டியாக ஒரே ஒரு புண் இருந்தால் சிபிலிஸ் என்று சந்தேகிக்க வேண்டும். நிறையப் பேர் ஏமாறுவது இதில்தான். தொற்றி ஏறத்தாழ மூன்று வாரத்தில் அந்தப் புண் வரும். சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் வந்தால் கண்ணுக்கே தெரியாது. மூன்று முதல் ஆறு வாரத்தில் எந்த மருந்தும் இல்லாமல் தானாக ஆறிவிடும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய களிம்பு போட்டவர் களிம்பு கேட்டது என்று நினைப்பார், லேகியம் சாப்பிட்டவர் லேகியத்தைப் புகழ்வார். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருக்கும். சில வாரம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிக்காத செம்புள்ளிகள், திட்டுத்திட்டாக முடி உதிர்வு, காய்ச்சல். அதுவும் தானாக மறையும். பிறகு வருடக்கணக்கில் மௌனம். அந்த மௌனத்துக்குப் பின்னால் இதயத்தின் பெரிய ரத்தக்குழாயையும் மூளையையும் அது தாக்கலாம். உள்ளங்கையில் அரிப்பில்லாத புள்ளிகள் வந்து தோல் மருத்துவரிடம் போனால், "வி.டி.ஆர்.எல். பார்க்கலாமா?" என்று, சிபிலிஸுக்கான அந்த ரத்தச் சோதனையை நீங்களே கேட்பதில் தப்பில்லை.

மரு போன்ற வளர்ச்சி எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. தொடை இடுக்கில் நெறி கட்டினாலும், விதைப்பையில் வலியும் வீக்கமும் வந்தாலும் அன்றே போங்கள். இளைஞருக்குத் திடீரென்று விதைப்பையில் கடும் வலி வந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். சில மணி நேரத்தில் அறுவை செய்யாவிட்டால் விதையை இழக்க நேரும்.

எங்கே போவது, உள்ளே என்ன நடக்கும்

பேருந்து நிலையச் சுவரிலும் கழிப்பறைக் கதவிலும் 'மேகநோய், வெட்டை, ரகசிய நோய் பூரண குணம்' என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பி லாட்ஜ் ரூமுக்குப் போகாதீர்கள். பால்வினை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாயத்தீர்வு விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். விளம்பரம் செய்கிறவர் முதல் வரியிலேயே சட்டத்தை மீறியவர் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் பல இடங்களில் 'சுகவாழ்வு மையம்' என்ற பலகை இருக்கும். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடம் 'நம்பிக்கை மையம்'. இரண்டும் இலவசம். எது எங்கே என்று தெரியாவிட்டால் தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-ஐ அழைத்துக் கேளுங்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பால்வினை நோய்களுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. 1986-இல் அதே கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு செய்த செல்லப்பன் நிர்மலாவும்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தார்கள்.

ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் பத்துப் பேர் காதுபட நோயைச் சொல்ல வேண்டியதில்லை. "தோல், பால்வினைப் பிரிவு" என்றால் போதும். உள்ளே ஆலோசகர் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். கடைசியாக எப்போது உறவு, யாரோடு, ஆணா பெண்ணா, வாய்வழி அல்லது ஆசனவாய்வழி உறவு உண்டா, ஆணுறை இருந்ததா என்று கேட்பார். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பதிலும் எங்கிருந்து மாதிரி எடுப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. தொண்டையில் இருக்கும் கொனோரியாவைச் சிறுநீரில் தேடினால் கிடைக்காது. பிறகு மருத்துவர் வெளியுறுப்பையும் தொடை இடுக்கையும் வாயையும் பார்ப்பார், தேவைப்பட்டால் பஞ்சுக் குச்சியில் கசிவை எடுப்பார், கையில் ரத்தம் எடுப்பார்கள். பெண்கள் பெண் மருத்துவரையோ, உடன் ஒரு செவிலியர் இருப்பதையோ கேட்கலாம். போவதற்கு முன் களிம்பு தடவாதீர்கள், ஆன்டிபயாடிக் விழுங்காதீர்கள், இரண்டும் சோதனையைக் குழப்பும்.

உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, அதைக் காரணம் காட்டி வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ நீக்கக் கூடாது. 2017-இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் இதைச் சொல்கிறது. ஒரு மருத்துவமனையில் முகம் சுளித்தார்கள், திட்டினார்கள் என்றால் அந்த வலி எனக்குப் புரிகிறது, அது உங்கள் தவறில்லை. இன்னொரு மருத்துவமனைக்குப் போங்கள். சிகிச்சையை மட்டும் கைவிடாதீர்கள்.

எந்தச் சோதனையை எப்போது

தொற்றிய மறுநாளே ரத்தம் கொடுத்து 'நெகட்டிவ்' என்று வந்தால் அதில் அர்த்தமில்லை. கொனோரியா, கிளமிடியா சோதனைக்கு ஒன்றிரண்டு வாரம் கழிந்திருக்க வேண்டும். எச்.ஐ.வி.க்கு ரத்தத்தில் ஆன்டிஜனையும் (வைரஸின் புரதத்தையும்) சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைச் சோதனை என்றால் ஆறரை வாரத்தில், அதாவது 45 நாளில், நம்பலாம். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சோதனையானால் மூன்று மாதம் முடிந்ததும் இன்னொருமுறை பாருங்கள். சிபிலிஸுக்கும் மூன்று மாதக் கணக்குதான். அறிகுறி இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே போங்கள்.

ஒரு தொற்று இருந்தால் மற்றவற்றையும் பார்த்துவிட வேண்டும். புண் இருக்கும் உறுப்பு வழியாக எச்.ஐ.வி. எளிதாக நுழையும். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி நான்கும் ஒரே ஊசி ரத்தத்தில் தெரிந்துவிடும்.

மருந்து

அரசு மையங்களில் அறிகுறியைப் பார்த்து அன்றே மருந்து கொடுத்துவிடுவது வழக்கம். ஆய்வக முடிவுக்காகக் காத்திருந்தால் வந்தவர் திரும்பி வராமல் போய்விடலாம் என்பதால் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த முறையை வகுத்தது. மருந்துகளைச் சாம்பல், பச்சை, வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஏழு நிறப் பொட்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சிறுநீர்க்குழாயில் சீழ் என்றால் சாம்பல், வலியில்லாத புண் என்றால் வெள்ளை, ஹெர்பிஸுக்குச் சிவப்பு, அடிவயிற்று வலிக்கு மஞ்சள். உங்களுக்குக் கொடுத்த பொட்டலம் உங்கள் நண்பருக்கு ஆகாது.

தொடக்க நிலைச் சிபிலிஸுக்கு இன்றும் பென்சிலின்தான். 24 லட்சம் யூனிட் பென்சாத்தின் பென்சிலின், இடுப்பில் ஊசி, ஒரே தடவை. மருந்து கெட்டியாக இருப்பதால் உட்காரச் சிரமப்படும் அளவுக்கு வலிக்கும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். தொற்றி வெகுகாலம் ஆனது என்றால் வாரம் ஒன்றாக மூன்று ஊசி. ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள், ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அன்று இரவு காய்ச்சலும் குளிரும் வந்தால் பயப்பட வேண்டாம், கிருமிகள் கூட்டமாகச் சாவதால் வருவது, ஒரு நாளில் போய்விடும்.

கொனோரியாவில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். சல்ஃபா, பென்சிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று ஒவ்வொரு மருந்தையும் அது எதிர்க்கப் பழகிவிட்டது. இன்று நம்பிக்கையானது செஃப்ட்ரையாக்சோன் ஊசி. மெடிக்கல் ஷாப்பில் 'நீர்க்கடுப்புக்கு' என்று வாங்கும் நாலு சிப்ரோ மாத்திரை அறிகுறியைக் கொஞ்சம் அமுக்கும், கிருமியை விட்டுவைக்கும்.

ஹெர்பிஸ் முழுதாக நீங்காது. அசைக்ளோவிர் மாத்திரை புண்ணைச் சீக்கிரம் ஆற்றும், அடிக்கடி வராமல் குறைக்கும். ஹெபடைடிஸ் பி நாட்பட்ட நோயாக மாறினாலும் கட்டுப்படுத்தும் மாத்திரை உண்டு. எச்.ஐ.வி.க்கு 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்து தருகிறது. இப்போது தொற்று உறுதியானதும் மருந்து தொடங்கிவிடுகிறார்கள். தினமும் விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிவிட்டால், உடலுறவு மூலம் அது துணைவருக்குத் தொற்றாது. பெரிய ஆய்வுகள் உறுதி செய்த உண்மை இது. எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள் கல்யாணம் செய்து, தொற்றில்லாத பிள்ளை பெற்று வாழ்கிறார்கள் என்பதை நம் குடும்பங்கள் இன்னும் போதிய அளவு அறியவில்லை.

துணைவரிடம் எப்படிச் சொல்வது

எல்லாவற்றிலும் கடினமான படி இது. தவிர்க்கவும் முடியாது. ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து அதே தொற்று திரும்பி வரும். மனைவியின் சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கூடாது. அவர் கர்ப்பமாக இருக்கலாம், ஒவ்வாமை இருக்கலாம், அவர் உடலைப் பற்றி அறியும் உரிமை அவருக்கு இருக்கிறது.

நிதானமான நேரத்தில், பிள்ளைகள் இல்லாதபோது, "எனக்கு ஒரு தொற்று இருக்கிறதென்று டாக்டர் சொல்லிவிட்டார். முழுசாகக் குணமாகிவிடும். உனக்கும் வந்திருக்கலாம், உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, ரெண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்த்துவிடலாம்" என்று தொடங்குங்கள். வாய் வரவில்லை என்றால் ஆலோசகரிடம் சொல்லுங்கள், இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார். வீட்டில் அடி உதைக்குப் பயம் இருந்தால் அதையும் முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஹெர்பிஸும் எச்.பி.வி.யும் பல வருடம் அறிகுறியே இல்லாமல் இருக்கக்கூடியவை. இன்று தெரிவதால் இப்போதுதான் தவறு நடந்தது என்று ஆகாது. 'யாரால் வந்தது' என்ற விசாரணையை விட்டுவிட்டு இருவரும் மருந்து முடியுங்கள். ஒரே வேளை மருந்தானால் அதன் பிறகு ஏழு நாள், நாட்கணக்கில் சாப்பிடுவதானால் முடியும்வரை, உறவு வேண்டாம்.

கர்ப்பிணிக்கு இது உயிர்ப் பிரச்சினை. சிகிச்சை பெறாத சிபிலிஸ் வயிற்றிலேயே குழந்தையைக் கொல்லலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் மூன்று மாதத்திலேயே எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். தாய்க்கு எச்.ஐ.வி. இருந்து மருந்தே எடுக்காவிட்டால் 100-க்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றலாம். மருந்து எடுத்தால் 5-க்கும் கீழே வந்துவிடும்.

வராமல் காப்பது

ஆணுறை என்றால் எல்லோருக்கும் தெரியும், சரியாக அணியத் தெரிந்தவர்கள் குறைவு. தேதி பாருங்கள். உறையைப் பல்லால் கடிக்காமல் ஓரத்தில் கையால் கிழியுங்கள். நுனியைக் கிள்ளிப் பிடித்துக் காற்றை வெளியேற்றி, அடிவரை உருட்டுங்கள். தலைகீழாக வைத்துவிட்டால் அதையே திருப்பிப் போடாமல் புதியது எடுங்கள். முடிந்ததும் விறைப்பு குறையும் முன் அடியைப் பிடித்தபடி வெளியே எடுங்கள். இரண்டைச் சேர்த்து அணிந்தால் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். தேங்காயெண்ணெய், வாசலின், பேபி ஆயில் எதுவும் லேடெக்ஸ் ரப்பருக்கு ஆகாது, சில நிமிடங்களில் வலுவிழந்துவிடும். நீரில் கரையும் ஜெல் மட்டும் பயன்படுத்துங்கள். பின் பாக்கெட் பர்ஸிலும், வெயிலில் நிற்கும் பைக் கவரிலும் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். 1968-இல் அரசு அறிமுகப்படுத்திய நிரோத் இன்றும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். வாய்வழி உறவிலும் கொனோரியா, சிபிலிஸ், ஹெர்பிஸ் தொற்றும். கழிப்பறை இருக்கை, துண்டு, சேர்ந்து சாப்பிடுவது ஆகியவற்றால் எச்.ஐ.வி. வராது.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம். இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. எச்.பி.வி. தடுப்பூசி 9 முதல் 14 வயதில் போட்டால் பலன் அதிகம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் காரணமான 16, 18 என்ற இரு வகைகளை அது தடுக்கிறது. இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவாக் 2023-இல் வந்தது. 'இந்த வயசில் பிள்ளைக்கு எதற்கு' என்று தயங்காதீர்கள். உறவு வாழ்க்கை தொடங்கும் முன் போடுவதே இந்த ஊசிக்குச் சரியான காலம். 30 வயது கடந்த பெண்கள், ஊசி போட்டிருந்தாலும், கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செய்கிறார்கள்.

மருந்து முடிந்த பிறகு

கிளமிடியா, கொனோரியா வந்தவர்கள் மூன்று மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். சிபிலிஸ் வந்தவர்கள் வி.டி.ஆர்.எல். அளவை ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் பார்க்க வேண்டும். 1:32 இருந்தது 1:8 ஆகவோ அதற்குக் கீழோ இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது. ஆனால் டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு சோதனை, முழுதாகக் குணமான பிறகும் பலருக்கு ஆயுள் முழுக்க 'பாசிட்டிவ்' என்றே காட்டும். வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் இது தெரியாமல் திடுக்கிட்டு, தேவையில்லாமல் மறுபடி ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தேதியில், எந்த மருந்து, எத்தனை ஊசி, அப்போதைய அளவு என்ன, பிறகு எவ்வளவு இறங்கியது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, முத்திரையோடு அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.